எண்ணாமல் கடந்த மூன்று நிலையங்கள்

2024ஆம் ஆண்டு மே மாதம் 21ஆம் திகதி, செவ்வாய்க்கிழமை, காலை எட்டு மணி பன்னிரண்டு நிமிடம். கடலிலிருந்து காற்று, பலமில்லாத, ஆனால் சாய்ந்து பெய்கிற மழை. மேடைக் கூரையின் கீழே வெசாக் பண்டிகைக்காகக் காகிதக் கூடு கட்டிக்கொண்டிருந்த இரண்டு ஊழியர்கள், நனைந்த தாளைப் பிய்த்துவிட்டுப் புதிதாக ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நான் புகையிரதத்திலிருந்து இறங்கி நின்றேன். எந்த இடத்தில் இறங்கினேன் என்பது எனக்குத் தெரியவில்லை.

இறங்கியிருக்க வேண்டியது இரத்மலானையில். அந்த மேடையில் உட்காரும் வாங்குகள் எத்தனை, தூண்கள் எத்தனை என்பது எனக்கு மனப்பாடம். இங்கே வாங்குகளின் நிறம்கூட வேறு. கையில் திறந்த புத்தகம், சட்டைப் பையில் இரத்மலானைக்கு எடுத்த டிக்கட். வந்துவிட்டது என்று நினைத்தேன். ஒன்றரை வருடமாக எதற்குப் பயந்துகொண்டிருந்தேனோ அது வந்துவிட்டது.

எதற்குப் பயந்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். நான் கொட்டாஞ்சேனையில் பிறந்து, முப்பத்தொரு வருடங்கள் துறைமுகத்தில் டெலி கிளார்க்காக வேலை செய்தவன். கப்பலிலிருந்து இறங்கும் சாக்குகளையும் பெட்டிகளையும் எண்ணி எழுதுவதுதான் அந்த வேலை. நான்கு கோடு நிமிர்த்திப் போட்டு, ஐந்தாவதைக் குறுக்கே இழுப்போம். ஓய்வு பெற்ற பின் வெள்ளவத்தையில், கடற்கரை வீதிக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், மாடி வீட்டில் நானும் மனைவியும். மகள் வெளிநாட்டில். பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்று சிங்களத்தில் இருப்பதைத் தமிழாக்கித் தரும்படி அயலவர்கள் வருவார்கள். செய்து கொடுப்பேன். ஆனால் கையெழுத்தும் முத்திரையும் வைக்கச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரிடம்தான் அவர்கள் போக வேண்டும். நானே அந்தத் தகுதிக்கான பரீட்சையை எழுதிவிடலாம் என்று 2022ஆம் ஆண்டின் கடைசியில் புத்தகங்களை எடுத்து வைத்தேன்.

வாசிக்க முடியவில்லை.

முதலாவது பக்கத்தை வாசித்து முடிப்பேன். என்ன இருந்தது என்று என்னையே கேட்டால் ஒன்றும் இராது. திரும்ப வாசிப்பேன். ஒரு பக்கத்தை ஒரே காலையில் பதினேழு தடவை வாசித்திருக்கிறேன். விடியும் முன்பே கண் விழித்துவிடும். நெஞ்சு காரணமில்லாமல் அடித்துக்கொள்ளும். எழுந்து கட்டிலின் விளிம்பில் இருந்தால் குளியலறை வரைக்கும் போகிற பதினான்கு அடி தூரம் பெரிய பிரயாணமாகத் தெரியும். நாலு நாளுக்கு ஒரு தடவைதான் சவரம். என்னோடு துறைமுகத்தில் வேலை செய்த ஒருவர் மறதி நோய் வந்து, சொந்த மகனை "தம்பி, நீங்கள் ஆர்?" என்று கேட்டதை நான் நேரில் பார்த்தவன். எனக்கும் அதுதான் தொடங்குகிறது என்று முடிவு கட்டினேன்.

மனைவிக்கும் சொல்லவில்லை. எனக்குள்ளேயே ஒரு தவணை வைத்தேன்: பரீட்சை 2024 ஆகஸ்டில் நடக்கும், அதற்கு முன் ஒரு பக்கத்தைத் தலை முதல் கால் வரை விளங்கி வாசிக்க முடியாவிட்டால், கையெழுத்துப் போடுகிற புத்தி இருக்கும்போதே வீட்டை அவள் பெயருக்கு மாற்றிவிட்டு, என்னை எங்கேயாவது விடச் சொல்லி மகளுக்கு எழுதுவது. எங்கே விடுவது என்பதற்குக்கூட நான்கு இடங்களின் பெயர் குறித்து வைத்திருந்தேன்.

பெப்ரவரியில் மனைவிதான் என்னை ஒரு மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள். சின்ன வயதுப் பெண். நான் மறந்துபோனவற்றின் பட்டியலைக் கொடுத்தேன். நாற்பத்துமூன்று விடயங்கள், திகதிவாரியாக.

அவர் முழுவதையும் வாசித்தார். "அங்கிள், இதெல்லாம் மறந்ததெண்டு எப்பிடி ஞாபகம் வச்சிருந்தீங்க?"

மனைவி வாயைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டாள்.

"சரி, நூறில இருந்து ஏழு ஏழாக் கழிச்சுச் சொல்லுங்க பார்ப்பம்."

தொண்ணூற்றுமூன்று, எண்பத்தாறு என்று சொல்லிக்கொண்டு போனேன். ஐந்தாவதில் போதும் என்றார். நிறுத்த மனம் வரவில்லை. பதினான்காவது கழித்தலில் இரண்டு மிஞ்சுகிறது என்று முடித்துவிட்டு, வேண்டுமானால் பதின்மூன்று பதின்மூன்றாகவும் கழித்துக் காட்டலாம் என்றேன்.

"வேண்டாம் அங்கிள், எனக்குத்தான் தலை சுத்தும்" என்று சிரித்தார். பிறகு பேனையை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "இது மறதி நோய் இல்ல. உங்களுக்கு இருக்கிறது மனச்சோர்வு. அதோட சேர்ந்த பயம். மனசு முழுக்கப் பயத்துக்குக் காவல் நிண்டா, வாசிக்கிறதுக்கு ஆர் மிச்சம் இருக்கிறது? மருந்து தாறன். கெதியில வேலை செய்யாது, அஞ்சாறு கிழமை போகும். படிக்கிறதை விடாதீங்க. ஆனா கொஞ்சம் கொஞ்சமா."

காரணம் என்ன என்று கேட்டேன். காரணம் கட்டாயம் இருக்க வேண்டும் என்றில்லை என்றார். அது எனக்குப் பிடிக்கவில்லை. வரவில் இல்லாதது எப்படிச் செலவில் வரும்? அவர் சொன்னதில் பாதியைத்தான் நம்பினேன். மருந்தை மட்டும் தவறாமல் எடுத்தேன். பயப்படுவதற்கென்று ஒரு நேரம் ஒதுக்கும்படியும் சொல்லியிருந்தார். அதனால் பின்னேரம் ஐந்து மணி முதல் ஐந்தேகால் வரை யன்னலடியில் இருந்து ஒழுங்காகப் பயந்தேன். பெரும்பாலும் ஒன்பதாவது நிமிடத்தில் பயப்பட விடயம் தீர்ந்துவிடும்.

ஆனாலும் வாசிப்பு வரவில்லை. மார்ச் மாதத்தில் ஒரு காலை, மனைவி கோப்பியை மேசையில் வைத்துவிட்டுப் போகாமல் நின்றாள்.

"இஞ்சருங்கோ, வாய் முணுமுணுக்குது. செபமோ?"

"படிக்கிறன்."

"முப்பத்தொண்டு, முப்பத்திரண்டு எண்டோ படிக்கிறியள்?"

நான் வாயை மூடினேன். எனக்கே அது தெரிந்திருக்கவில்லை. வரிகளை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். பக்கத்தின் ஓரத்தைப் பார்த்தேன். பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள், நான்கு நிமிர்ந்தும் ஒன்று குறுக்கேயும். எல்லாப் பக்கங்களிலும் இருந்தன.

டெலி கிளார்க்கின் முதல் பாடம் இது: சாக்குக்குள் என்ன இருக்கிறது என்று யோசிக்காதே. சீனியா, பருப்பா என்று யோசித்த கணத்தில் ஒரு சாக்கு எண்ணாமல் போய்விடும். முப்பத்தொரு வருடம் நான் எதற்குள்ளும் பார்க்காமல் எண்ணியே சம்பளம் வாங்கினேன். பயம் வந்ததும் கை தெரிந்த வேலைக்கே திரும்பியிருக்கிறது. வரியும் சாக்குத்தான். இத்தனை இறங்கிவிட்டது, இத்தனை மிச்சம். உள்ளே என்ன என்று பார்க்கவே இல்லை.

"அப்ப மறதியில்லை, பழைய உத்தியோகம்" என்றாள் மனைவி. "பென்சன் எடுத்து எத்தினை வருசம், இன்னும் டியூட்டி முடியேல்லை!"

தேயிலைப் பெட்டியின் அட்டையில் மூன்று வரி மாத்திரம் தெரியும்படி ஒரு யன்னல் வெட்டித் தந்தாள். அதைப் பக்கத்தின் மேல் வைத்து நகர்த்த வேண்டும். எத்தனை வரி மிச்சம் என்று தெரியாது. முதல் நாள் மூச்சு முட்டியது. அட்டையைத் தூக்கி இரண்டு தடவை பார்த்தேன். அவளோ குசினியிலிருந்தே, "தூக்கிறியள், தூக்கிறியள்!" என்று கத்தினாள்.

வீட்டில் இருந்தால் மனம் அட்டையைத் தூக்கச் சொல்லும். ஆகவே புகையிரதத்தில் படிக்கத் தொடங்கினேன். காலையில் நகருக்குள், கோட்டைக்குப் போகிற வண்டிகளில் கால் வைக்க இடமிராது. எதிர்ப்பக்கம், தெற்கே போவது காலியாக இருக்கும். வெள்ளவத்தையில் ஏறினால் தெஹிவளை, கல்கிசை, இரத்மலானை. கப்பலில் நாங்கள் ஒருபோதும் முழுக் கப்பலையும் நினைப்பதில்லை. பாரந்தூக்கி ஒரு தடவையில் இறக்குவதை மட்டுமே பார்ப்போம். அதைப்போல, ஒரு நிலையத்திலிருந்து அடுத்த நிலையத்துக்குள் வாசிக்க ஒரு பந்தி. வண்டி நின்றதும் புத்தகத்தை மூடி, வாசித்ததன் பொருளை மனதுக்குள் ஒரு வசனத்தில் சொல்வேன். சொல்ல முடியாவிட்டால் சும்மா கடலைப் பார்ப்பேன். அடுத்த பந்தி புதிய கணக்கு. இரத்மலானையில் இறங்கி, கூட்டம் குறையும்வரை வாங்கில் இருந்துவிட்டுத் திரும்புவேன்.

ஏப்ரலில் தொடங்கியபோது மூன்று பந்திகளில் ஒன்றுதான் மனதில் நின்றது. பிறகு இரண்டு. சில நாட்கள் ஒன்றுமே இல்லை. அந்த நாட்களில் அழுகை வரும். ஆனால் காலையில் நெஞ்சு அடிப்பது குறைந்திருந்தது. சவரம் ஒரு நாள் விட்டு ஒரு நாளாயிற்று. முழுப் பக்கம் மட்டும் இன்னும் வரவில்லை. தவணைக்கு மூன்று மாதம் இருந்தது.

அந்த மே மாதச் செவ்வாய்க்கிழமை, கல்கிசையில் நான் ஒழுங்காகப் புத்தகத்தை மூடியது நினைவிருக்கிறது. பிறகு அடுத்த பந்தியைத் திறந்தேன். பழைய வினாத்தாளில் வந்த சிங்களப் பந்தி அது, ஒரு காணிப் பிரிவினை வழக்கு. ஐந்து சகோதரர்கள், ஒரு துண்டு நிலம், அதில் ஒரு பலாமரம். மரம் மூத்தவனுடையது, நிலம் இளையவனுடையது, காயில் எல்லோருக்கும் பங்கு. இடையில் ஒருவன் தன் பங்கைச் சகோதரியின் புருஷனுக்கு விற்கிறான். வாங்கியவன் கோடரியோடு வருகிறான். அட்டை யன்னலை நகர்த்திக்கொண்டே போனேன். மரத்தை வெட்டினானா இல்லையா என்பது அடுத்த பக்கத்தில் இருந்தது. திருப்பினேன். அதுவும் முடிந்து நிமிர்ந்தபோது வண்டி எங்கேயோ நின்றுகொண்டிருந்தது. பதறி இறங்கினேன்.

பெயர்ப்பலகையைத் தேடினேன். மொறட்டுவை.

நான் செய்யக்கூடிய ஒன்றைச் செய்தேன். எண்ணினேன். இரத்மலானை, அங்குலானை, லுணாவை. மூன்று நிலையங்களில் வண்டி நின்று, ஆட்கள் ஏறி இறங்கி, புறப்பட்டிருக்கிறது. ஒன்றையும் நான் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை? பலாமரத்தடியில் நின்றேன். அப்படியானால் மரத்துக்கு என்ன நடந்தது? வெட்டவில்லை, தடையுத்தரவு கிடைத்தது, மூத்தவனுக்குப் பன்னிரண்டில் ஐந்து பங்கு. முழுதும் அப்படியே இருந்தது. ஒன்றல்ல, இரண்டு பக்கம்.

"டிக்கட் எக பென்னன்ன, மாத்தயா."

டிக்கட் பரிசோதகர். டிக்கட்டைக் காட்டினேன். புரட்டிப் பார்த்தார். "இது இரத்மலானைக்கு அல்லவா? இது மொறட்டுவை" என்றார் சிங்களத்தில்.

"தெரியும்" என்றேன், நானும் சிங்களத்தில். "வாசித்துக்கொண்டு வந்துவிட்டேன்."

"எல்லோரும் நித்திரை கொண்டுவிட்டேன் என்றுதான் சொல்வார்கள். வாசித்துவிட்டேன் என்று சொன்ன முதல் ஆள் நீங்கள்தான். அப்படி என்ன வாசிப்பு?"

பலாமரத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "எங்கள் வீட்டிலும் ஒரு மரத்துக்கு வழக்கு நடக்கிறது. பதினெட்டு வருடம். மரம் பட்டுப்போய்விட்டது, வழக்கு மட்டும் காய்க்கிறது." இரண்டு பேரும் சிரித்தோம். கூடு கட்டிக்கொண்டிருந்தவர்களும் திரும்பிப் பார்த்தார்கள். சிரித்தபடியே அவர் அபராதப் புத்தகத்தை எடுத்தார். "கோபிக்க வேண்டாம் மாத்தயா. சட்டம்."

"எழுதுங்கள்" என்றேன். "தெளிவாக எழுதுங்கள். இரத்மலானை தாண்டி மொறட்டுவை வரை என்று எழுதுங்கள்."

அபராதம் கட்ட இவ்வளவு ஆசைப்பட்ட ஆளையும் அவர் முன்பு கண்டிருக்க மாட்டார். பற்றுச்சீட்டை நனையாமல் புத்தகத்துக்குள் வைத்துவிட்டு மனைவிக்கு அழைப்பு எடுத்தேன்.

"என்னப்பா, எங்க நிக்கிறியள்?"

"மொறட்டுவையில."

"ஐயோ, அங்க என்னத்துக்கு? என்ன செய்யுது உங்களுக்கு?"

"ஒண்டும் செய்யேல்லை. வாசிச்சுக்கொண்டிருந்து விட்டிட்டன். இறங்க வேணுமெண்டது ஞாபகமே வரேல்லை."

மழைச் சத்தத்துக்காகத் தொலைபேசியைக் காதோடு அழுத்தினேன்.

"எத்தினை ஸ்டேசன் எண்ணாமல் போனியள்?"

"மூண்டு."

"மூண்டோ!" என்றாள். குரல் உடைந்து, உடனே சிரிப்பாக மாறியது. "கெதியா வாங்கோ. இல்லை, ஆறுதலா வாங்கோ. வாறபோது ஏதும் சாப்பிட வாங்கிக்கொண்டு வாங்கோ, இண்டைக்கு நான் சமைக்க மாட்டன்."

அன்றிரவு அவளிடம் தவணையைப் பற்றிச் சொன்னேன். நான்கு இடங்களின் பெயர் எழுதிய தாளையும் காட்டினேன். வாசித்துவிட்டு, இதில் மூன்றாவது இடத்தில் சாப்பாடு சரியில்லையாம் என்றாள். பிறகு தாளை வாங்கிக் கிழித்தாள்.

மருந்து இன்னும் எடுக்கிறேன். விடியற்காலைப் பயம் முற்றாகப் போகவில்லை. கிழமைக்கு ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகும். பரீட்சையில் இரண்டு தாள்களில் ஒன்றில் சித்தியடைந்தேன். மற்றதைத் திரும்ப எழுத வேண்டும். அதற்கும் அதே அட்டைதான், ஓரம் நைந்துவிட்டது.

எண்ணும் பழக்கம் விடாததால் அந்தக் காலையின் செலவையும் எழுதி வைத்திருக்கிறேன். போக எடுத்த டிக்கட் முப்பது, அபராதம் மூவாயிரம், அதோடு இரட்டிப்புக் கட்டணமாக எண்பது, திரும்பி வர நாற்பது, மேடையில் நின்று குடித்த ஒரு பிளேன்ரீ நாற்பது, வீட்டுக்கு மீன் வைத்த இரண்டு மாலு பணிஸ் இருநூறு. ஆக மொத்தம் மூவாயிரத்து முந்நூற்றுத் தொண்ணூறு ரூபாய்.