வள்ளி சன்னதியில் ஒரு கொரியப் பெயர்

ஒரகடத்தில் ஒரு கொரிய ஆலையில் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை. என் ஊர் திருத்தணி என்று தெரிந்ததும், மேலாளர் தன்னைப் பார்க்க வந்திருந்த எண்பத்தைந்து வயது அப்பாவை ஒரு ஞாயிற்றுக்கிழமை மலைக்கோயிலுக்குக் கூட்டி வந்தார். மார்கழி மாதம். மூடுபனியில் ஊரையே காணவில்லை. மலை மட்டும் எதன்மேலும் நிற்காமல் மிதந்தது. கீழே போன ரயிலின் சத்தம் யாருடைய கனவிலிருந்தோ வந்தது போலிருந்தது.

மேலாளர் காரை நிறுத்தப் போனார். பெரியவர் கோபுரத்தைப் பார்த்ததும் பூக்கடைப் பலகையில் உட்கார்ந்துவிட்டார். உள்ளே வரமாட்டாராம். எந்தக் கோயிலுக்குள்ளும் போவதில்லையாம். "மகனுக்குத் தெரியாது, சொல்லாதே" என்றவர், பனியைப் பார்த்தபடியே பேசினார்.

அவர் பிறந்தது ஒரு புத்தர் கோயிலின் பின்கட்டில். ஜப்பானியர் கொரியாவை ஆண்ட காலம். அவர்கள் ஒப்பினால்தான் ஒருவர் தலைமைப் பிக்குவாக முடியும். புத்தர் முன்னால் ஜப்பான் மன்னருக்காகப் பிரார்த்தனை நடக்கும். யுத்தத்துக்கு உலோகம் வேண்டுமென்று வெண்கல மணியை வண்டியில் ஏற்றிப் போனார்கள். பிக்குகள் கல்யாணம் செய்துகொள்ளலாம் என்று விதி மாறியதும் அப்போதுதான். இவருடைய அப்பா அப்படிச் செய்துகொண்ட பிக்கு. ஜப்பானியர் போன பிறகு, மனைவி உள்ள பிக்குகளெல்லாம் அவர்கள் விட்டுப்போன அழுக்கு என்று மற்ற பிக்குகளால் துரத்தப்பட்டார்கள். இவர் கண்ணெதிரே அம்மாவின் மேல் கல் விழுந்தது. அன்றிலிருந்து அவள் பெயரை இவர் யாரிடமும் சொன்னதில்லை.

என் வாய் சும்மா இருக்குமா? பூக்காரம்மா, "இன்னாமா, பெரியவரு அழுதுகினு கீறாரு?" என்றதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். எனக்கு அது ரகசியமாகவே படவில்லை. எங்கள் ஊரில் கல்யாணமாகாத குருக்கள் மூலவரைத் தொட முடியாதே!

"ஆங்? இதுக்கா கல்லால அட்ச்சாங்க?" என்றாள் அவள். "பொண்டாட்டி இல்லாம எந்த அய்யரு பூஜை பண்றாரு? எங்க சாமி வள்ளிய கட்னதே இந்த மலைலதான். அந்தம்மாவுக்கு உள்ள தனி சன்னதி கீதுன்னு சொல்லுமா அவருக்கு."

சொன்னேன். "மனைவிக்கா? உள்ளேயா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு ஷூவைக் கழற்றினார்.

வள்ளி சன்னதிக்கு நாங்கள் போய்ச் சேரவும் மகன் வந்துவிட்டார். குருக்கள், "யார் பேருக்கு? நட்சத்திரம்?" என்றார். நான் கொரிய மொழியில் கேட்டதும் பெரியவர் வாயிலிருந்து முதலில் காற்றுதான் வந்தது. மறுபடி சத்தமாகவே தாயின் பெயரைச் சொன்னார். இறந்தவர்களுக்கு அர்ச்சனை செய்யக் கூடாது. அதை நான் சொல்லவில்லை. நட்சத்திரத்துக்கு என்னுடையதைக் கொடுத்தேன். குருக்கள் அந்தக் கொரியப் பெயரை வாய்க்கு வந்தபடி மந்திரத்தில் சேர்த்துக்கொண்டார்.

மகன் என் பக்கம் குனிந்து, "யார் அது?" என்று கேட்டார்.

நான் பெரியவரைப் பார்த்தேன். பெரியவரே திரும்பினார்.

"என் அம்மா," என்றார். "கோயிலில் வாழ்ந்தவள்."