பாப்பா கை

பள்ளிக்கூடம் திறக்க இன்னும் மூன்று நாள் இருந்தது. பேத்தி கோதையின் நோட்டுகளுக்கு அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, பெயர் எழுதிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற தலைமையாசிரியன் என்பதால் எங்கள் வீட்டில் அந்த வேலை எனக்குத்தான் வரும். மருமகள் மீனா அடுப்படியிலிருந்து கைபேசியைப் பிடித்தபடி வந்து நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் பேனாவை மூடிவிட்டேன்.

"மாமா, அப்பா போயிட்டாகளாம். காலைல காப்பி குடிச்சிட்டு உக்காந்திருந்தாகளாம். அப்படியே சாஞ்சிட்டாகளாம்."

நான் எழுந்து அவள் கையிலிருந்த கைபேசியை வாங்கி வைத்தேன். மேசையில் கடைசியாக அட்டை போடக் காத்திருந்த நோட்டு, அவள் அப்பா குருசாமி தன் கையால் தைத்துக் கொடுத்தது. அதற்கு அன்று அட்டை போடவில்லை.

குருசாமி என் சம்பந்தி. ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அவரோடு மில்லில் உழைத்தவர்களுக்கு அவருடைய ஸ்பேனரைப் பற்றிச் சொல்ல நிறைய இருக்கும். எனக்கு அவரைத் தெரிந்தது எங்கள் வீட்டு விசேஷங்களில்தான். எங்கள் இருவருக்கும் இடையில் எட்டு வருடமாக ஒரு வழக்கு இருந்தது. கோதையின் இடது கைதான் அந்த வழக்கு. அதில் அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குத் தெரிந்த பிறகும் அவரிடம் அதைச் சொல்லாமலே இருந்துவிட்டேன். அவரை அறிந்த உங்களிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

கோதை பிறந்தது ஆண்டாள் அவதரித்த ஆடிப்பூரத்தன்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் அன்றைக்குப் பெண்குழந்தை பிறந்தால் பெயருக்கு அலைய வேண்டியதில்லை. தேர் பார்க்க வருகிற உறவுக்கூட்டம் மொத்தமும் அவள் பிறந்தநாளுக்கும் வந்ததாக ஆகிவிடும். முதல் பிறந்தநாளுக்கு நான் கடையில் பலூன் தோரணத்துக்குச் சொல்லியிருந்தேன். குருசாமி காலையிலேயே இரண்டு பெரிய கட்டைப்பைகளோடு பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தார். பை நிறைய, நூல் சுற்றுகிற காகிதக் கூம்புகள். மில்லில் அதைக் கோன் என்பார்கள். நசுங்கியதையும் கிழிந்ததையும் மில்லில் கேட்டு வாங்கி, ஒட்டிச் சீராக்கி, நூலில் கோர்த்திருந்தார். ஒவ்வொன்றின் நுனியிலும் பச்சை, சிவப்பு, நீலம் என்று ஒரு வண்ணம். எங்கள் வாசலில் அவற்றைத் தொங்கவிட்டபோது காற்றில் ஒன்றோடொன்று இடித்து மெல்லச் சத்தம் போட்டன.

"மில்லையே தூக்கிட்டு வந்துட்டீகளே சம்பந்தி" என்றேன். கேலிதான். கொஞ்சம் எரிச்சலும் இருந்தது. என் பலூன் தோரணத்தை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நான் விட்டாலும் மில்லு என்னைய விடாது சம்பந்தி" என்று சிரித்தார். பிறகு, அந்த வண்ணங்களைப் பற்றி விளக்கினார். நாற்பதாம் நம்பர் நூலுக்கு ஒரு வண்ணம், அறுபதுக்கு வேறொரு வண்ணம். சுற்றியபின் கண்ணால் பார்த்து நூலைப் பிரிக்க முடியாது, கோனின் நுனியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மாறிக் கலந்துவிட்டால் நெய்த துணி அவ்வளவும் பாழ். "நாப்பதை அறுபதுன்னு சொல்லி ஓட்டக் கூடாது சம்பந்தி. அது எதுவோ அதுவாத்தான் ஓடணும்" என்றார். அதை நான் மில் விஷயமாக மட்டும் கேட்டுக்கொண்டேன்.

அவர் மடியில் இருந்த கோதை, தொங்கிய கோன் ஒன்றை எட்டிப் பிடித்தாள். இடது கையால். கையை விலக்கிவிட்டு வேறொன்றைக் காட்டினார். அதையும் இடது கையாலேயே பிடித்தாள். அவர் என்னைப் பார்த்து, "பாப்பாவுக்கு இந்தக் கைதான்" என்றார், ஏதோ நல்ல சேதி சொல்வதைப் போல.

"பச்சப்பிள்ளைக்கு என்ன தெரியும்? போகப் போகச் சரியாயிரும்" என்றேன்.

சரியாகவில்லை. அதனால் நான் சரிசெய்யப் புறப்பட்டேன். திருத்துவது என் தொழில். பள்ளியில் எத்தனையோ பிள்ளைகளின் பென்சிலைப் பிடுங்கி வலது கைக்கு மாற்றியிருக்கிறேன். அதை ஒரு தொண்டாகவே நினைத்திருந்தேன். வீட்டு விசேஷங்களில் எனக்குத் துணைக்கு ஆள் குறைவே இல்லை. மூன்றாவது பிறந்தநாளில் கோதை மிட்டாய்த் தட்டோடு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்துக்கொண்டு போனாள். ஓர் அத்தை வாங்காமல், "ஏட்டி, பீச்சாங்கையால குடுக்காத. நல்ல நாளும் அதுவுமா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டுத் தட்டை வாங்கி அடுத்த கையில் வைத்தேன். குருசாமி மட்டும் எழுந்து போய், குனிந்து, "எனக்குப் பாப்பா கையால குடு தாயி" என்று கேட்டு வாங்கிக்கொண்டார்.

பாப்பா கை என்ற சொல்லை அன்றுதான் முதலில் கேட்டேன். ஒரு கை சோற்றுக்கு, இன்னொரு கை எதற்கு என்று பெயரிலேயே சொல்லிவைத்திருக்கிற ஊர் நம்முடையது. அவர் வாயிலிருந்து பீச்சாங்கை என்ற பெயர் வந்து நான் கேட்டதில்லை. சோத்தாங்கை, பாப்பா கை. அவருக்கு அவ்வளவுதான்.

ஐந்தாவது பிறந்தநாளுக்குக் கோதையை ஆண்டாளாக அலங்கரிப்பது என்று மீனா முடிவு செய்தாள். கொண்டையும் மாலையும் உள்ளூரில் கிடைத்துவிடும். கிளியைத் தான் செய்துகொண்டு வருவதாக ராஜபாளையத்திலிருந்து செய்தி வந்தது. கோனைப் பாதியாக வெட்டி உடலாக்கி, பேண்டேஜ் துணிக்குப் பச்சைச் சாயம் ஏற்றி இறகாக ஒட்டியிருந்தார். மூக்குக்குச் சிவப்பு நுனி. அடியில், விரல்களில் மாட்டிக்கொள்ள ஒரு ரப்பர் வளையம். பார்த்தவர்கள் ஆளாளுக்கு வாங்கிப் பார்த்தார்கள். அவர் அதைக் கோதையின் வலது கையில் மாட்டினார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் வேறெதில் சும்மா இருந்தாலும் இதில் இருப்பானா? வீடு நிறைய ஆட்கள் இருக்க, "சம்பந்தி, ஆண்டாளுக்குக் கிளி இடது கையில. இங்க மூணு வயசுப் பிள்ளையக் கேட்டாலும் சொல்லும். ராஜபாளையத்துல இதெல்லாம் தெரியாது போல" என்றேன். சிரிப்பு எழுந்தது.

"தெரியும் சம்பந்தி" என்றார்.

நானே கழற்றி இடது கையில் மாட்டினேன். வலது கைக்காகச் செய்த கிளி, இடது கையில் ஊரைப் பார்க்காமல் குழந்தையின் தோளைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. வளையம் நிற்காததால் நூல் போட்டுக் கட்டினேன். பந்தியில் கோதை இலைக்கு முன்னால் கிளி கட்டிய கையோடு உட்கார்ந்திருந்தாள். வலது கையால் இரண்டு வாய் எடுத்தாள், பாதி மடியில் விழுந்தது. பிறகு எடுக்கவில்லை. இன்றைக்குப் பழகிவிடுவாள் என்று நான் உள்ளுக்குள் மகிழ்ந்துகொண்டிருந்தேன். வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். குருசாமி தன் இலையை விட்டு எழுந்துவந்து, அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, புளியோதரையை உருட்டி ஊட்டினார். இடது கையால். நாலு பேர் பார்க்கத்தான் ஊட்டினார். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது.

சாயங்காலம் பஸ் நிலையம்வரை கூடப் போனேன். தேர்க் கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. ஏதாவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன், அவர் முந்திக்கொண்டார்.

"எனக்கும் இந்தக் கைதான் சம்பந்தி. எங்க வாத்தியாரு மணிக்கட்டுல கயிறு போட்டு பெஞ்சோட கட்டிருவாரு. ரெண்டு வருசம். படிப்பு அம்புட்டுத்தான்னு மில்லுக்கு வந்தேன். ஸ்பேனரப் பிடிச்ச பொறவுதான் என் கை எனக்குத் திரும்பக் கெடச்சிது."

நான் நடையை எட்டிப் போட்டேன்.

"கிளி எந்தக் கையில இருக்கும்னு எனக்குத் தெரியாதா? பாப்பா கையக் கட்டிப்போட மனசு வரல. அதான் அடுத்த கைக்குச் செஞ்சேன்." பிறகு, "நீங்க எத்தன பிள்ளைகளுக்கு மாத்தியிருப்பீக சம்பந்தி?" என்று கேட்டார். அவர் குரலில் குற்றச்சாட்டு இல்லை. அதுதான் என்னை அதிகம் சுட்டது. "பஸ் வந்துருச்சு, ஏறுங்க" என்றேன்.

அந்தத் தீபாவளிக்கு வழக்கம்போல வந்தார். ஒன்றும் நடக்காத மாதிரி பேசினார். எல்லாப் பேரப்பிள்ளைகளுக்கும் மத்தாப்பு பிடிக்க ஆளுக்கொரு கோன் கொண்டுவந்தார். நுனியில் தகரம் சுற்றி, தக்கை அடைத்து, கம்பி நுழைய ஓட்டை போட்டிருந்தார். அகன்ற பக்கத்துக்குள் கையை விட்டுப் பிடித்துக்கொண்டால் பொறி படாது. கோதையுடையதில் பச்சை நுனி. கொளுத்தி முடிந்ததும் அடுத்த வருடத்துக்கென்று எல்லாவற்றையும் திரும்ப எடுத்துப்போனார்.

என் மனம் மாறியதற்கு அவர் பேச்சு மட்டும் காரணமில்லை. சோழபுரத்தில் உறவுக்காரர் வீட்டுப் புதுமனைப் புகுவிழா. அவர்கள் கோதைக்கு ஜாங்கிரி நீட்டினார்கள். அவளுக்கு ஜாங்கிரி என்றால் உயிர். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, "வேண்டாம்" என்றாள். திரும்ப நீட்டினார்கள். என்னை ஒரு முறை பார்த்துவிட்டு மறுபடியும் "வேண்டாம்" என்றாள். எந்தக் கையை நீட்டுவது என்று தெரியாமல் ஒரு குழந்தை இனிப்பை மறுக்கிறது. அதைச் செய்தவன் பக்கத்தில் பட்டு வேட்டியோடு நிற்கிறேன். அன்றிலிருந்து அவள் கையை நான் தொடவில்லை. எழுதும்போதும் சாப்பிடும்போதும் வேறு பக்கம் பார்த்துக்கொள்ளப் பழகினேன்.

ஆனால் அதை அவரிடம் சொல்லவில்லை. தலைமையாசிரியர்களுக்குத் தவறை ஒப்புக்கொள்ளும் பழக்கம் கிடையாது, எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்துத்தான் பழக்கம். இந்தச் சித்திரையில் கடைசியாக வந்திருந்தார். கொஞ்சம் மூச்சு வாங்கினார். வழக்கமான நோட்டில் எழுதும்போது கோதையின் கை, எழுதிய வரியை அழித்துக்கொண்டே போகிறது என்று மீனா சொல்லியிருந்தாளாம். மேல்பக்கம் தைத்த நோட்டு ஒன்று கொண்டுவந்திருந்தார். தாளை மேலே புரட்டிக்கொண்டு, நோட்டைச் சாய்த்து வைத்து, வரிக்குக் கீழே கை வைத்து எழுதலாம். எழுதிக் காட்டினார், இடது கையால். அவர் கையெழுத்து என் கையெழுத்தைவிடக் கோணல்தான். கிளம்பும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இப்பவும் மாத்துதீகளா சம்பந்தி?" என்றார்.

இல்லை என்று ஒரு சொல் போதும். "பாப்போம், பாப்போம்" என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, "பூரத்துக்கு வாரேன்" என்று சொல்லிப் போனார். அவரிடம் நான் கடைசியாகச் சொன்னது அந்தப் "பாப்போம்"தான்.

ராஜபாளையம் வீட்டில் அவரைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிக்க வேண்டும். குச்சியில் துணி சுற்றி, நெய்யில் நனைத்துக் கொளுத்திப் பிடித்தபடி உடலைச் சுற்றிவருவது நம் பக்கத்து வழக்கம். நெய் சொட்டும் என்று மற்றப் பிள்ளைகள் பயந்து பின்வாங்கினார்கள். கோதை உள்ளே ஓடிப்போய், தாத்தாவின் அலமாரியிலிருந்து தன்னுடைய பச்சை நுனிக் கோனை எடுத்துவந்தாள். தக்கையைப் பிடுங்கிவிட்டுப் பந்தக் குச்சியை நுழைத்தாள். கையை உள்ளே விட்டுப் பிடித்தாள். அதைப் பார்த்துவிட்டு மற்றப் பிள்ளைகளும் தங்கள் கோன்களை எடுத்துவந்தார்கள்.

"தாயி, பீச்சாங்கையில பிடிக்கக் கூடாது. மாத்திப் பிடி" என்றார் கூட்டத்தில் ஒரு பெரியவர். இன்னும் இரண்டு குரல்கள் அதையே சொன்னன. கோதை என்னைப் பார்த்தாள். சோழபுரத்தில் பார்த்த அதே பார்வை. பந்தம் எரிந்துகொண்டிருந்தது.

"மாத்த வேண்டாம். அது பாப்பா கை" என்றேன். "அவரு அதத்தான் கேப்பாரு."

அவள் மூன்று சுற்றும் சுற்றிவந்தாள். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ஒரு மாதம் முன்னால் எங்கள் வீட்டு வாசலில் சொல்லியிருக்க வேண்டியதை, காது கேட்காத நேரத்தில் அவர் தலைமாட்டில் நின்று சொன்னேன். இந்த வருத்தம் எனக்குத் தீராது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை மூன்று. மேல்பக்கம் தைத்த அந்த நோட்டு கோதையிடம் இருக்கிறது, முடிந்ததும் எனக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறாள். பாப்பா கை என்ற சொல் என்னிடம் இருக்கிறது. மூன்றாவது அந்தக் கிளி. பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன். நான் கட்டிய நூலின் தழும்பு அதன் அடியில் இன்னும் இருக்கிறது. ரப்பர் வளையம் இற்றுப்போய்விட்டது. புதிது வாங்கி, கோதையின் விரல்களுக்கு அளவெடுத்து, நானே மாற்றினேன். இரண்டு தடவை தப்பாக ஒட்டி, மூன்றாவது தடவைதான் சரியாக வந்தது.

வருகிற ஆடிப்பூரத்துக்கு அவள் பிறந்தநாள். அவர் வர மாட்டார். வீடு நிறைய ஆட்கள் இருப்பார்கள். கிளியை நான் அவள் வலது கையில் மாட்டுவேன். அது ஊரைப் பார்த்து நிற்கும். ஆண்டாளுக்குக் கிளி இடது கையில் அல்லவா என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள்.

தெரியும் என்பேன்.