பவளப்பாறையில் மாட்டிய கால்

தூத்துக்குடியில் சங்கு குளித்த நான், அறுபதுகளில் அந்தமானுக்குச் சிப்பி எடுக்கப் போயிருந்தேன். ஒருநாள் கடலடியில், பவளப்பாறை இடுக்கில் என் கால் மாட்டிக்கொண்டது. இழுக்க இழுக்க இறுகியது. நான் மேலே வராததைக் கண்டு, பக்கத்துத் தோணியிலிருந்த வங்காளி ஒருவர் குதித்து வந்தார். முன்பின் தெரியாதவர். இரும்புக் கம்பியால் பாறையை நெம்பி உடைத்து, என்னை மேலே தள்ளிவிட்டார். பாறையோடு மல்லுக்கட்டியதில் அவருக்கு மூச்சு தீர்ந்துவிட்டது.

அதே தோணியில் இருந்த அவருடைய தம்பிதான் உடலை எடுத்துவந்து தோணியில் கிடத்தினார். பிறகு தன் லுங்கியைக் கிழித்து, ரத்தம் வழிந்த என் காலுக்குக் கட்டுப்போட வந்தார்.

“வேண்டாம், என்னை விட்டுடுங்க” என்று கதறினேன்.

“சுப் ரஹோ, பாய்! சும்மா இருங்க. அண்ணன் காப்பாத்தின காலு இது. அழுகிப்போக விடலாமா?” என்றார் இந்தி கலந்த அரைகுறைத் தமிழில்.

கட்டு முடிந்த பிறகுதான் அவர் அழுதார்.

எனக்காக உயிரை விட்டவரை நான் உயிரோடு பார்த்தது தண்ணீருக்குள் மட்டும்தான். அவரிடம் ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை.