ஜிம்மியின் வலப்பக்கம்

வீடியோ கேமில் கதாநாயகனுக்கு ஒப்பனை செய்கிறவன் பெரிய கலைஞன். அவன் பின்னால் ஓடிவரும் நாய்க்கு ஒப்பனை செய்கிறவன் நான்.

கேமில் கூடவே வரும் மிருகத்தின் தோற்றத்தை நம் இஷ்டத்துக்கு மாற்றும் கோப்புக்கு மோட் என்று பெயர். வார நாட்களில் ஓர் அனிமேஷன் கம்பெனியில் வேலை. சனி ஞாயிறுகளில் நீலசந்திராவில் என் அறையில் உட்கார்ந்து, கேட்பவர்களுக்கு மோட் செய்து தருகிறேன். கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டு ‘நான் இதையா கேட்டேன்’ என்ற பதிலை வாங்கிக்கொள்ளும் தையல்காரர்களே, போட்டோகிராபர்களே, உங்களுக்கு என் கஷ்டம் புரியும்.

ஏறக்கூடாத வாகனம்

மல்லேஸ்வரத்தில் ஒருவர், கேமில் தான் ஓட்டும் குதிரையைப் பசுவாக மாற்றச் சொன்னார். மோட் தோலைத்தான் மாற்றும், நடை குதிரையுடையதுதான். நெற்றியில் குங்குமம், கழுத்தில் மணி எல்லாம் வைத்துக் கொடுத்தேன். பசு நாலுகால் பாய்ச்சலில் வேலி தாண்டியது. அவருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மறுநாளே போன் செய்து குதிரையே போதும் என்றார். டிவியில் போட்டு விளையாடியதை அவர் அம்மா பார்த்துவிட்டாராம். அந்த அம்மா சொன்னது: "மொதல்ல கீழ எறங்குடா. கும்புடுறது மேலயா ஏறி ஒக்காருவாங்க?"

நாலு போட்டோ

சேவியர் அண்ணன் கோலார் தங்கவயல்காரர். இப்போது மஸ்கட்டில் ஒரு கிடங்கில் வேலை. மனைவி குளோரி அக்கா ஜோகுபாளையத்தில் இருக்கிறார். அண்ணன் லீவு நாளில் ஆடும் கேமில் ஓர் ஓநாய் துணைக்கு வரும். அதை வீட்டு நாய் ஜிம்மியாக மாற்ற வேண்டும் என்றார்.

என்னிடம் ஒரு சட்டம் உண்டு. இடப்பக்கம், வலப்பக்கம், முகம், வால் என நாலு போட்டோ கட்டாயம். இந்த கேமில் பாதி உடம்புக்குத்தான் தோல் வரைந்திருப்பார்கள். மறுபாதி அதன் கண்ணாடி நகல். கவனிக்காமல் விட்டால் ஒற்றைக் காது கறுத்த நாய்க்கு இரண்டும் கறுத்துவிடும். ஒருமுறை அப்படிச் செய்து நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டேன்.

அக்காவிடமிருந்து மூன்று போட்டோ வந்தது, வலப்பக்கம் மட்டும் வரவில்லை. கேட்கும்போதெல்லாம் ஜிம்மி தூங்குகிறான், வெளியே போயிருக்கிறான் என்று பதில். அண்ணனிடம் முறையிட்டேன். அவர் சொன்னார்: "நேர்ல போயி எடுத்துக்குங்க பிரதர். ஆனா கேட்ட தொறக்கறதுக்கு முன்னாடி அவளக் கூப்புடுங்க. புது ஆளப் பாத்தா தெருவே திரும்பிப் பாக்குற மாதிரி கத்துவான்."

சத்தமில்லாத கேட்

சர்ச்சில் ஞாயிறு பூசை முடிந்து அக்கா வீடு திரும்பும் நேரம் பார்த்துப் போனேன். கூப்பிட மறந்து கேட்டைத் திறந்துவிட்டேன். ஒரு சத்தமும் இல்லை. சங்கிலி ஆணியில் தொங்கியது. சோற்றுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருந்தார்கள்.

ஜிம்மி செத்து இரண்டு மாதம் ஆகிறது என்றார் அக்கா. சாப்பாட்டை நிறுத்தி மூன்றே நாளில் போய்விட்டதாம். அண்ணனுக்கு ஊருக்கு வரக் கிறிஸ்துமஸுக்குத்தான் லீவு. அங்கே தனியாக உட்கார்ந்து அழுவாரே என்று அவரிடம் சொல்லவில்லை. அனுப்பிய மூன்றும் பழைய போட்டோ. வலப்பக்கத்துக்கு அக்காவின் ஞாபகம்தான் போட்டோ. பின்னந்தொடையில் சுடுகஞ்சி கொட்டி முடி முளைக்காத இடம் இங்கே, இவ்வளவு பெரிசு என்று தன் கையிலேயே விரலால் வட்டம் போட்டுக் காட்டினார். தாளில் வரைந்துகொண்டேன். கிளம்பும்போது சொன்னார்: "அவரு வந்ததும் நானே பக்கத்துல இருந்து சொல்லிக்கறேன். அதுவரைக்கும் நீங்க காட்டிக்குடுக்காதீங்க தம்பி."

ரொம்ப நல்ல நாய்

மோட் அனுப்பிய வெள்ளிக்கிழமை அண்ணன் கூப்பிட்டார். கஞ்சி கொட்டிய இடம் அச்சு அசலாக இருக்கிறதாம். ஜிம்மி உங்களை என்ன பாடு படுத்தினான் என்று கேட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவன் கொஞ்சம் அதிகமாகவே சொல்லிவிடுவான். ரொம்ப நல்ல நாய் அண்ணா, ஒரு சத்தம் போடவில்லை, காலடியில் வந்து படுத்துக்கொண்டது என்றேன்.

ஜிம்மி போய்விட்டானா பிரதர் என்று அவர் நேராகவே கேட்டுவிட்டார். அப்புறம்தான், கேட்டைத் திறந்தால் தெருவே திரும்பிப் பார்க்கக் கத்துவான் என்று அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு என்ன பயன்? இரண்டு மாதமாக வீடியோ காலில் நாயைக் காட்டாததால் அவருக்கு ஏற்கெனவே சந்தேகமாம். அக்காவிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். "வேணாம் பிரதர். எனக்குத் தெரிஞ்சிபோச்சுன்னு தெரிஞ்சா அங்க தனியா ஒக்காந்து அழுவா. வந்து பக்கத்துல இருந்து நானே பேசிக்கறேன்."

அப்டேட்

கேம் கம்பெனி அவ்வப்போது அப்டேட் விடும். உடனே நான் செய்ததெல்லாம் கழன்றுவிடும். போன வெள்ளிக்கிழமை அண்ணன் வீடியோ காலில் அக்காவுக்குக் கேமைக் காட்டும்போது, ஜிம்மி இருந்த இடத்தில் பழைய ஓநாய் நின்றிருக்கிறது. கால் முடிந்ததும் அண்ணனிடமிருந்து செய்தி: குளோரி முகம் வாடிவிட்டது, சீக்கிரம் சரிசெய்யுங்கள். அதைப் படித்து முடிப்பதற்குள் அக்கா போனில் வந்துவிட்டார்: "அவரு மூஞ்சியப் பாக்க முடியல தம்பி. சீக்கிரம் ஜிம்மிய எழுப்பிவிடுங்க."

கிறிஸ்துமஸ் வரும்வரை, அது செத்துவிட்டது என்று நன்றாகவே தெரிந்த இரண்டு பேருக்காக ஒரு நாயை உயிரோடு வைத்திருப்பதுதான் என் தொழில்.