சகலையின் ஏழு வருஷத்து பேட்டரி

என் மனைவியின் அக்கா புருஷன், அதாவது என் சகலை, அலுவலகம் ஒன்றில் பழைய கோப்புகளை அடுக்கிவைக்கிற வேலை பார்க்கிறார். பேட்டரிக் கடை வைத்திருப்பவன் நான். இருபத்திரண்டு வருஷத் தொழில். ஆசிட் பட்டு ஓட்டை விழாத சட்டை என்னிடம் ஒன்றுகூடக் கிடையாது. ஆனால் எங்கள் குடும்பத்தில் கார் பேட்டரி என்று பேச்சு வந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பது அவரைத்தான். வயிறு எரியுமா எரியாதா, நீங்களே சொல்லுங்கள்.

அந்த மனுஷன் எப்படிப்பட்டவர் என்றும் சொல்லிவிடுகிறேன். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பல் துலக்கிய கையோடு போய்க் கார் பானெட்டைத் திறந்துவிடுவார். முதலில் மைனஸ் ஒயரைக் கழற்றுவார், பிறகு பிளஸ். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடிமேல் வெந்நீர் ஊற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் குழந்தைக்குப் பல் தேய்ப்பதுபோலத் தேய்ப்பார். துடைப்பார், மாட்டுவார். மைனஸ் கடைசியில்தான். அப்புறம் மேலே கொஞ்சம் வாசலின். ஆறு மூடிகளையும் திறந்து, தகடுகள் மூழ்கும் அளவுக்கு மட்டும் டிஸ்டில்டு வாட்டர் விடுவார். எல்லாம் நான் கடைக்கு வருகிறவர்களிடம் தொண்டை கிழியச் சொல்லுகிற விஷயங்கள்தான். என் காரில் நான் அதைச் செய்து எத்தனை மாதம் ஆயிற்று என்று மட்டும் கேட்காதீர்கள்.

அவர் பேட்டரி ஏழு வருஷமாக ஓடிக்கொண்டிருந்தது. என்னுடையது இரண்டரை வருஷத்திலேயே தகராறு பண்ணத் தொடங்கிவிட்டது. "அத்தான் கோப்பு அடுக்குறவரு. நீங்க கடையே வச்சிருக்கீங்க" என்றாள் என் மனைவி. அதுவே போதுமே!

இந்த நிலைமையில்தான் மாமியாருக்குக் கண் ஆபரேஷன் வந்தது. காலை ஏழு மணிக்குள் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். தவறினால் அடுத்த தேதிக்கு மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஒரு கண் ஏற்கெனவே மங்கல்.

"நான் கூட்டிட்டுப் போறேன் அத்தை" என்றேன்.

"உங்களுக்கு எதுக்கு மாப்ள சிரமம்? பெரிய மாப்ள வண்டின்னா சாவியத் திருப்புனதும் கிளம்பிடும்" என்றார்.

சுருக்கென்று தைத்தது. பன்னிரண்டு வருஷமாக அந்த வீட்டு மருமகன் நான். ஒரு நாள்கூட அவர் வாயிலிருந்து 'சின்ன மாப்ள இருக்காரு, கவலையில்ல' என்று வந்ததில்லை.

ஆபரேஷனுக்கு முதல் நாள் மத்தியானம் சகலை என் கடைக்குக் காரைக் கொண்டுவந்தார். "காலைல ஸ்டார்ட் பண்றப்ப கொஞ்சம் இழுக்குது தம்பி. அத்தைய வேற கூட்டிட்டுப் போகணும். ஒரு தடவ பாத்துச் சொல்லுங்களேன்."

ஆசிட்டின் பலத்தைக் காட்டுகிற ஹைட்ரோமீட்டரை ஒவ்வொரு அறையாக விட்டுப் பார்த்தேன். மூன்றாவது அறையில் மிதவை அடியில் போய் உட்கார்ந்துகொண்டது. பேட்டரி எவ்வளவு சுமை தாங்கும் என்று காட்டுகிற லோடு டெஸ்டரை மாட்டினேன். முள் சிவப்புக்குள் விழுந்தது. மறுநாள் காலை அது கிளம்பினால் அதிசயம். புது பேட்டரி அலமாரியில் இருந்தது. மாற்றுவது கால் மணி நேர வேலை.

அவர் பானெட்டின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அந்தத் துணிகூட மடிப்புக் கலையாமல் இருந்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"நல்லாத்தான் இருக்குண்ணே. இன்னும் ஒரு வருஷம் தாராளமா ஓடும்" என்றேன், வாய் கூசாமல்.

"அப்பாடா!" என்று சிரித்தபடி போனார்.

அந்தப் புது பேட்டரியை அன்று சாயங்காலமே என் காருக்கு மாட்டிக்கொண்டேன்.

மறுநாள் ஆறு மணிக்கு மனைவியோடு மாமியார் வீட்டு வாசலில் போய் நின்றேன். "சும்மா, அத்தைய ஒரு எட்டு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம்" என்றேன். முந்தின ராத்திரியே சகலை வந்து அங்கே தங்கியிருந்தார். மாமியார் மடியில் பையோடு அவர் காரில் ஏறி உட்கார்ந்திருந்தார். சகலை சாவியைத் திருப்பினார். 'டக்.' மறுபடியும் திருப்பினார். 'டக்.' அவர் முகத்தில் ஈயாடவில்லை. எனக்கா? பொய் சொல்வானேன், உள்ளங்கால்வரை குளிர்ந்தது.

"பரவால்லண்ணே, என் வண்டி இருக்கு. வாங்க அத்தை."

மாமியார் என் காருக்கு மாறி உட்கார்ந்தார். பக்கத்தில் என் மனைவி. "நல்ல வேளை, சின்ன மாப்ள வந்தாரு! இல்லாட்டி என் கதி என்ன?" என்றார். பன்னிரண்டு வருஷம் காத்திருந்த வார்த்தை.

அப்போது சகலை ஜன்னல் பக்கம் குனிந்தார். "மன்னிச்சிடுங்க அத்தை" என்றவர், என்னிடம் தாழ்ந்த குரலில் பேசினார். "வீட்ல நானும் ஒரு மீட்டர் வச்சிருந்தேன் தம்பி. ஞாயித்துக்கிழமை விட்டுப் பாத்தா, மூணாவதுல மிதவை அடியில போயிடுச்சு. பயந்துபோயிதான் உங்ககிட்ட வந்தேன். நல்லா இருக்குன்னு நீங்க சொன்னதும், என் மீட்டர்தான் கெட்டுப்போச்சுன்னு குப்பையில போட்டுட்டேன். நேத்து ராத்திரி நான்தான் ஏதோ லைட்ட அணைக்காம விட்டுருக்கணும். நீங்க சொன்னது தப்பாகுமா?"

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போலிருந்தது. ஒருவரை இப்படி முழுசாக நம்ப இந்த மனுஷனால் முடிகிறதே என்று, அதற்கும் எனக்குப் பொறாமையாக இருந்தது. அதுதான் கொடுமை.

"உங்க மீட்டர் சரியாத்தான் காட்டியிருக்குண்ணே" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னேன். "பேட்டரி போயிடுச்சுன்னு நேத்தே எனக்குத் தெரியும். நான்தான் பொய் சொன்னேன்."

என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. மாமியார் பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"நேரமாகுது. பெரிய மாப்ள, நீங்களும் முன்னாடி ஏறிக்கோங்க" என்றார். "இவர மட்டும் நம்பி நான் வர மாட்டேன்."