நாகராஜ் சாரின் தமிழ்

பார்ட்ஸ் கம்பெனியில் லைன் பாதி கரண்டில் ஓடும், மீதி சூப்பர்வைசரின் திட்டில் ஓடும். ஷிப்டுக்குப் போய்வரும் உங்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஓசூரில் எங்கள் நாகராஜ் சார் சின்னத் தப்புக்குத் தெலுங்கில் திட்டுவார், கொஞ்சம் பெரிய தப்புக்குக் கன்னடத்தில். லைன் நின்றால்தான் தமிழ். மார்பகப் புற்றுநோய்க்கு வைத்தியம் முடித்து நான் வேலைக்குத் திரும்பியபோது, மூன்றில் ஒன்றும் எனக்குக் கிடைக்கவில்லை.

பஸ்

முதல் நாளே சானமாவு காட்டுப் பக்கம் கம்பெனி பஸ் நின்றுவிட்டது. யானைகள் ரோட்டைத் தாண்டிக்கொண்டிருந்தன. பஸ்ஸில் ஒருவரும் ஜன்னல் பக்கம் திரும்பவில்லை, எல்லோரும் என்னையே பார்த்தார்கள். லைனில் என் பக்கத்தில் நிற்கும் மஞ்சுளாவிடம், "அங்க பாருடி" என்றேன்.

"யானை தெனமும்தான் வருதுக்கா. நீ இப்பதான வந்திருக்கே."

தொப்பி

ஷாப்புக்குள் நுழையும்போது முடி தொப்பிக்குள் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். முன்பெல்லாம் முடி வெளியே தெரிந்து தினமும் அங்கே மாட்டிக்கொள்கிறவள் நான். இப்போது வாசலில் நின்றது, என் கதை தெரியாத புதுப் பெண். கீமோவில் முடி மொத்தமும் கொட்டிப்போன என் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறகு பின்னால் நின்றவர்களிடம் சொன்னாள்:

"இந்த அக்காவப் பாத்துக் கத்துக்குங்க. ஒத்த முடி வெளிய தெரியுதா?"

நாற்காலி

பீஸ் செக் பண்ணுவது நின்று செய்கிற வேலை. நாகராஜ் சார் எனக்கு மட்டும் சக்கரம் வைத்த நாற்காலி போட்டார். "ஏம்மா" என்றே எப்போதும் கூப்பிட்டவர், "டேக் ரெஸ்ட், மேடம்" என்றார். வேண்டுமென்றே லேபிளைத் தலைகீழாக ஒட்டிப் பார்த்தேன். "நோ ப்ராப்ளம்" என்றார். கீமோ வார்டில் வராத அழுகை எனக்கு அப்போது வந்தது. இனி இவள் தேறமாட்டாள் என்று முடிவு கட்டிவிட்டாரோ என்று மஞ்சுளாவிடம் கேட்டேன்.

"அவர் கடைசியா இங்கிலீஷ் பேசினது, பெருமாளண்ணன் ரிட்டையர் ஆன அன்னிக்கு அவர்கிட்டதான்க்கா."

சுவிட்ச்

மறுநாள் கோபத்தில் எழுந்து அந்த நாற்காலியைக் காலால் தள்ளிவிட்டேன். அது உருண்டு போய் எமர்ஜென்சி சுவிட்சில் முட்டியது. லைன் மொத்தமும் நின்றது. சார் ஓடிவந்தார். வாயைத் திறந்தார், இங்கிலீஷ் வரவில்லை.

"கண்ண எங்கம்மா வெச்சிருக்கே? லைன் நின்னா உங்கப்பனா வந்து ஓட்டுவான்? அந்தச் சேரத் தூக்கி ஸ்டோர்ல போட்டுட்டு, ஒழுங்கா நின்னு வேலையப் பாரு."

ஸ்கேனைப் பார்த்து, குணமாகிவிட்டது என்று டாக்டர் சொன்னதை அரைமனதாகத்தான் நம்பியிருந்தேன். நாகராஜ் சார் சொன்னதை முழுசாக நம்பிவிட்டேன்.