நின்றுபோன சனியும் இரண்டு மணிச் சங்கும்

பெங்களூர் பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் எனக்கு வேலை, குறை கண்டுபிடிப்பது. இதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்பதை அம்மா இன்னும் முழுதாக நம்பவில்லை. வீட்டில் இவள் இதைச் சும்மாவே செய்துகொண்டிருந்தாளே என்பாள். இயந்திரத்தில் கடைந்து வரும் உருளைகளை மைக்ரோமீட்டரில் வைத்து அளப்பேன், ஒவ்வொன்றையும் மூன்று முறை. மூன்று அளவும் சரியாக இருந்தால் பச்சை முத்திரை, இல்லையென்றால் சிவப்பு பெயின்ட். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் சிவப்புதான். பதினோரு வருடத்தில் சந்தேகத்தோடு ஒரு பச்சை முத்திரைகூட நான் போட்டதில்லை.

அதே தொழிற்சாலையில் டிஸ்பேட்ச் பிரிவில் இருப்பவர் என்னைக் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று கேட்டபோது எனக்கு வயது முப்பத்து நான்கு. அவரையும் மூன்று முறை அளந்து பார்த்துவிட்டுத்தான் சம்மதித்தேன். இரண்டு குடும்பமும் கோலார் தங்கவயலிலிருந்து வந்தவைதான். சுரங்கம் மூடியபின் நாங்கள் ஸ்ரீராம்புரத்துக்கு வந்தோம், அவர்கள் ஜோகுபாளையத்துக்குப் போனார்கள். அவருடைய அப்பா, என் அப்பா இருவருமே சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள். ஆகவே தடையே இருக்காது என்று இரண்டு பேரும் தெனாவட்டாக இருந்தோம். அவருடைய அம்மா ஜாதகம் கேட்டார்கள்.

நான் அப்போதே அவர்களை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். மூத்த மகளுக்கு ஜாதகம் பார்க்காமல் கல்யாணம் செய்து, அந்தப் பெண் எட்டே மாதத்தில் பெட்டியோடு திரும்பி வந்துவிட்டாள். அந்தப் பயம் அத்தைக்கு இன்னும் போகவில்லை. "பாக்காம ஒண்ணு செஞ்சி பட்டது போதும் கண்ணு. பொருந்தலன்னா வேணாம். உன்மேல கோவம் இல்ல, என் மனசு தாங்காது" என்று நேராகவே சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் ஜாதகம் என்று ஒன்று இருந்ததே அதிசயம். அப்பா புத்தர் படத்துக்கு மட்டும் பூ வைப்பவர். ராகுகாலம் ஆரம்பித்துவிட்டதா என்று பார்த்துவிட்டு வெளியே கிளம்புவார், அதுவும் வேண்டுமென்றே. தெருவில் யாராவது நல்ல நேரம் என்று ஆரம்பித்தால் அரைமணி நேரம் பிரசங்கம் செய்வார். அப்படிப்பட்டவர் டிரங்குப் பெட்டியின் அடியிலிருந்து, மூலையில் மஞ்சள் தடவிய ஒரு நோட்டை எடுத்து நீட்டினார். தம்பிக்கு ஜாதகம் கிடையாது. எனக்கு மட்டும் இருந்தது. ஏன் என்று கேட்டதற்கு, "பொம்பளப் பிள்ளைக்கு வேணும்னாங்க" என்று மழுப்பிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். ஏற்கனவே அவர் குளித்திருந்தார்.

ஜோதிடர், ஜோகுபாளையத்தில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில் இருந்தார். அத்தையும் நானும் போனோம். அவர் நோட்டைப் பார்த்து லேப்டாப்பில் தட்டினார். பிறகு கார் பானட்டைத் திறந்த மெக்கானிக் மாதிரி "ச்சு ச்சு" என்றார்.

"சனி நிக்குதும்மா."

"எங்க நிக்குது?" என்றார்கள் அத்தை.

"எங்கயும் போகாம நிக்குது."

விஷயம் இதுதான். பூமியிலிருந்து பார்க்கும்போது கிரகங்கள் சில காலம் பின்னால் போவதுபோலத் தெரியும். அதற்கு வக்ரம் என்று பெயர். பின்னால் போனது மறுபடி நேராகத் திரும்பும் முன்பு, நகராமல் சற்று நிற்பதுபோலத் தோன்றும். சனி அப்படி நின்று திரும்பிய அதே நாளில் நான் பிறந்து தொலைத்திருக்கிறேன். உண்மையில் கிரகம் எதுவும் நிற்பதில்லை, நம் பார்வைக்கு அப்படி இருக்கிறது, அவ்வளவுதான் என்றேன். "ஹௌதும்மா, பார்வைக்குத்தானே பலன்" என்று பாதிக் கன்னடத்தில் ஆமாம் போட்டே ஜோதிடர் என் வாயை அடைத்துவிட்டார்.

"ஓடற கிரகம் கெஸ்ட் மாதிரி. வரும், காபி குடிக்கும், போயிடும். நிக்கிற கிரகம் வாடகைக்கு வந்தவன் மாதிரி. லேசுல காலி பண்ணாது. நல்லதோ கெட்டதோ, ஜாஸ்தியாத்தான் செய்யும்."

"இது நல்லதா, கெட்டதா?" என்றார்கள் அத்தை.

"அன்னைக்கு மத்தியானம் பன்னெண்டுக்குச் சனி திரும்புது. அதுக்கப்புறம் பொறந்திருந்தா ஒண்ணும் பயமில்ல. எல்லாம் லேட்டாகும், ஆனா கெட்டியா நிக்கும். அதுக்கு முன்னாடின்னா கஷ்டம். போற வீட்டையும் சேத்து நிக்க வெச்சிடும்." நோட்டைத் திருப்பிப் பார்த்தார். "இதுல ரெண்டு மணின்னு இருக்கு. நல்லதுதான். ஆனா ரெண்டுன்னு இவ்வளவு ரவுண்டாவா ஒரு குழந்தை பொறக்கும்?"

அந்த ஒரு கேள்வியில் அவர்மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. ரவுண்டான அளவை நானும் நம்புவதில்லை. சோம்பேறிகள்தான் அப்படி எழுதுவார்கள். என் பிறப்புச் சான்றிதழில் தேதி உண்டு, நேரம் கிடையாது. ஜோதிடர் ஒரு படிவத்தை அத்தையிடம் கொடுத்தார். பிறந்த நேரத்தை விசாரித்து எழுத ஓர் இடம், அதன் கீழே 'சரிபார்த்தவர் கையொப்பம்' என்று ஓர் இடம். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்து அப்பாவையே கேட்கிறேன் என்றார்கள் அத்தை. படி இறங்கும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு, "பன்னெண்டுக்கு முன்னாடின்னா வேணாம் கண்ணு" என்றார்கள். அவர்களுடைய உள்ளங்கை வேர்த்திருந்தது. கோபித்துக்கொள்ளக்கூட முடியவில்லை.

அந்த வாரம் பெங்களூரில் எது நின்றாலும் அதற்கு நான்தான் காரணம். பீன்யாவுக்கு முன்னால் மெட்ரோ பத்து நிமிடம் நின்றது. மிக்ஸி நின்றது, சட்னி பாதியில். டிஸ்பேட்ச்காரருடைய ஸ்கூட்டர் ஹெப்பால் மேம்பாலத்தின் நடுவே நின்றது. "உன் ஆளு வேலையைக் காட்டிட்டாரு" என்று போன் செய்தார். பெட்ரோல் போட்டீர்களா என்றேன். போனை வைத்துவிட்டார். அம்மாவுக்கு மட்டும் கவலையே இல்லை. "சனி நின்னா நிக்கட்டும். உக்காந்துகினாத்தானே கஷ்டம்" என்றாள்.

நான் என் வழக்கப்படி அளக்க ஆரம்பித்தேன். சுரங்கத்தில் ஷிஃப்ட் மாறும்போது ஊதும் சைரனுக்கு எங்கள் ஊரில் சங்கு என்று பெயர். காலை ஆறு, மதியம் இரண்டு, இரவு பத்து. சுரங்கத் தொழிலாளர்களின் லைன் வீடுகளில் யாரும் கடிகாரம் பார்த்ததில்லை. குழந்தைக்குப் பால் கொடுப்பது, உலை வைப்பது, சண்டையை நிறுத்துவது எல்லாம் சங்குக் கணக்குதான். எங்கள் ஆட்களிடம் பிறந்த நேரம் கேட்டால் பாதிப் பேர் ஆறு, இரண்டு, பத்து என்று மூன்றில் ஒன்றைத்தான் சொல்வார்கள்.

அம்மாவை மூன்று நாளில் மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் ஒரே பதில். "சங்கு ஊதிச்சி. சோத்த அரைவேக்காட்டுல எறக்கி வெச்சேன். வலி வந்துச்சி. ஆஸ்பத்திரி வண்டி வரல. பக்கத்து வீட்டு அக்காதான் உன்னப் புடிச்சா. ஊதி முடிக்கறதுக்குள்ள நீ வந்துட்ட."

மூன்றும் ஒத்துப்போயின. இருந்தும் எனக்கு உறுத்தியது. பதினொன்றரைக்கெல்லாம் சாப்பாட்டை மூடி வைத்துவிடுகிற அம்மா, இரண்டு மணிக்கா சோறு வடித்துக்கொண்டிருந்தாள்? கூப்பிட்டால் வருகிற ஆஸ்பத்திரி வண்டி அன்றைக்கு எங்கே போயிற்று? ஷிஃப்ட் சங்கு ஊதுவது அரை நிமிடம். அதற்குள் வலி வந்து பிள்ளையும் பிறந்துவிடுமா?

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தையும் மகனும் வந்தார்கள். ஆப்பிள், காரா பூந்தி, படிவம். அத்தை சுற்றி வளைக்கவில்லை. "அண்ணா, ரெண்டு மணிதானே? சத்தியமா?"

"ரெண்டு மணிதாம்மா" என்றார் அப்பா.

அத்தை பெருமூச்சு விட்டார்கள். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அம்மா காபி கலக்க எழுந்தாள். எல்லாம் முடிந்துவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு ஓர் ஆப்பிளைத் தின்றிருக்கலாம். பதினோரு வருடத்துப் பழக்கம் விடுமா?

"ரெண்டு மணிக்கு அம்மா ஏன்ப்பா சோறு வடிச்சாங்க?"

அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். நான் விடாமல் ஆஸ்பத்திரி வண்டியையும், அரை நிமிடச் சங்கையும் வரிசையாக எடுத்து வைத்தேன். என் கல்யாணத்துக்கு நானே சிவப்பு பெயின்ட் அடிக்கிறேன் என்பது பாதியில்தான் உறைத்தது. நிறுத்தத் தெரியவில்லை.

அத்தையின் முகம் மாறியது. "எந்த சங்கு அண்ணா? நிறுத்தாம ஊதினாங்களே, அதுவா?"

அப்பா ஆமாம் என்று தலையை ஆட்டினார். சுரங்கத்தில் விபத்து நடந்தால் சங்கு நிறுத்தாமல் ஊதும். அது எனக்குத் தெரியும். நான் பிறந்தது அந்தச் சங்கில் என்று மட்டும் யாரும் சொன்னதில்லை.

"காலைல பதினோரு மணிம்மா. பாறை வெடிச்சிடுச்சி. நாங்க கீழ இருந்தோம். மூணு பேரு எங்ககூட மேல வரல." அப்பா என்னைப் பார்க்காமல், படிவத்தைப் பார்த்துப் பேசினார். "எங்கள மேல தூக்கறப்போ ரெண்டு மணி சங்கு ஊதுது. பொண்ணு பொறந்திருக்குன்னு ஓடிப்போறேன், லைனுக்குள்ள நுழையறப்பவே பேசிக்கறாங்க, சாவு சங்குல பொறந்ததுன்னு. பொறந்து மூணு மணி நேரம் ஆவல, அதுக்குள்ள பேரு வெச்சிட்டானுங்க. நேரா வேலூருக்குப் போயி, ஒருத்தர்கிட்ட ரெண்டு மணின்னு சொல்லி இத எழுதி வாங்கினேன். பேப்பர்ல இருந்தா எவனும் பேச மாட்டான்ல."

ஜாதகத்தை நம்பாத அப்பா ஜாதகம் எழுதிய காரணம் முப்பத்து நான்கு வருடம் கழித்து எனக்கு விளங்கியது. அம்மாவைப் பார்த்தேன். "நான் சங்குன்னுதானே சொன்னேன். மணி சொன்னேனா?" என்றாள். அதுவும் சரிதான்.

அத்தை தன் மகனைக் காட்டி, "இவன இடுப்புல வெச்சிகினு சுரங்க ஷாஃப்ட் வாசல்ல நின்னேன்" என்றார்கள். "இவங்கப்பாவும் கீழதான். ஒவ்வொரு ஆளா மேல வரப்போ மொகத்தப் பாத்து பாத்து நின்னோம். அன்னைக்குக் கேட்டதெல்லாம் ஒப்பாரிதான் அண்ணா. அந்த நேரத்துல ஒரு கொழந்தயும் அழுதிருக்குன்னு இன்னைக்குத்தான் கேக்கறேன்."

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து ஜோதிடரைக் கூப்பிட்டார்கள். "சாமி, விசாரிச்சிட்டேன். ரெண்டு மணிதான். ஆமா, ரவுண்டாத்தான். எனக்கெப்படித் தெரியுமா? நானும் அதே ஊருதானே, நான் கேக்காத சங்கா?" போனை வைத்துவிட்டுப் படிவத்தில் எழுதினார்கள். எழுதிவிட்டு அதை என் பக்கம் தள்ளினார்கள்.

"நீதானே செக் பண்றவ. கையெழுத்து போடு."

மூன்று முறை படித்தேன். பிறந்த நேரம், மதியம் 2.00. மூன்று மணி நேரப் பிசகு. எங்கள் தொழிற்சாலையில் இந்த அளவு பிசகினால் மேலாளருக்கு நெஞ்சுவலி வந்துவிடும். அப்பா, கைதவறி எதையோ உடைத்துவிட்டவர் மாதிரி எதிரே உட்கார்ந்திருந்தார்.

பேனா கேட்டேன். டிஸ்பேட்ச்காரர் சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மை பச்சை. கையெழுத்துப் போட்டேன்.